பெட்டிமேல் எழுதிய எண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஈரத் துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். துணி காயப்போடும் கம்பியில் அது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

அது என்றால், ஒரு தெர்மாகோல் பெட்டி. அதன் தலைக்கு மேல் குடைத் துணியில் தைத்த பாராசூட். அதற்கும் மேல், உடைந்த பலூனின் கிழிசல், என் முழங்கை நீளத்துக்கு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் தங்கை வீட்டில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து வந்து இறங்கியிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் நீல மார்க்கரில் எழுதியிருந்தது:

“பயப்படாதீர்கள். இது வெடிக்காது. பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பிய பெட்டி இது. கண்டெடுத்தவர் தயவுசெய்து கீழே உள்ள எண்ணுக்கு அழைக்கவும்.”

அழைத்தேன். பெட்டிக்குள் மணி அடித்தது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு காதில் என் போன், இன்னொரு காதில் பெட்டி. மூன்று தரம் அடித்துவிட்டு உள்ளே இருந்தது அடங்கிப்போனது. ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்தேன். பள்ளிச் சீருடைக்குப் போடும் வெள்ளைக் காலுறை ஒன்று, அதற்குள் ஓரம் விரிசல் விட்ட ஒரு பழைய போன். பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு, போனின் கேமரா அதன் வழியாகப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

என்னிடம் இருந்த எந்த வயரும் அதில் நுழையவில்லை. தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இந்த மாடலுக்கெல்லாம் இப்ப வயரே வர்றதில்லக்கா. சொல்லி வைக்கிறேன். வியாழக்கிழமை வாங்க.”

நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். அடுத்தவர் பிழையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. எத்தனையோ ஆண்டுத் தொழிலில் இத்தனை அழகான பிழையை நான் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமைவரை சும்மா இருக்க முடியுமா? செய்தவர்கள் யார் என்று தெரியாவிட்டால் என்ன, எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: *நீல வானம் அந்த இளம் நெஞ்சங்களை அழைத்தது. அவர்களும்—*

(வேண்டாம். வானத்துக்கு வேறு வேலை இல்லையா.)

இரண்டாம் தொடக்கம்: *வறுமையில் வாடிய அந்தச் சிறுவர்கள்—*

(வாடினார்கள் என்று எனக்கு யார் சொன்னது? பழைய குடையைக் கிழித்துப் பாராசூட் தைத்தால் சிக்கனம் என்று அர்த்தம். நானும்தான் பழைய புடவையைத் திரைச்சீலை ஆக்கியிருக்கிறேன்.)

சரி, கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவோம். பாராசூட்டில் ஒரு தையல் ஓடி, பிரிக்கப்பட்டு, அதே இடத்தில் மறுபடி ஓடியிருக்கிறது. ஆகவே தைத்தவளுக்கு ரோஷம் அதிகம். அவளுக்குக் கத்திரி என்று பெயர் வைக்கிறேன். போனைக் காலுறையில் சுற்றினால் மேலே குளிரில் சார்ஜ் இறங்காது என்று யோசித்தவன் சார்ஜர். தெர்மாகோலில் எழுதுவதற்குக்கூட பென்சிலால் கோடு போட்டுக்கொண்டவள் எவளோ, அவள்தான் என் ஆள். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறவள். பெயரும் பட்டியல். வயது பதினைந்து. கதை முழுக்க அவள் தோளுக்குப் பின்னால்தான் நாம் நிற்கப்போகிறோம்.*

(* நான்காவதாக ஓர் அறிவியல் ஆசிரியரும் இருந்தார். வாயைத் திறந்ததும் வளிமண்டலத்தின் அடுக்குகளை விளக்க ஆரம்பித்தார். பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.)

3

ஞாயிற்றுக்கிழமை காலை. விளையாட்டு மைதானத்தின் நடுவே ஒரு பழைய போர்வை விரித்திருந்தது. அதன்மேல் பலூன், மூன்று பேர் கையிலும் சமையல் கையுறை. வெறும் கை பட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று எங்கோ படித்திருந்தார்கள். பிறந்தநாள் பலூன் விற்பவரிடம் கெஞ்சி வாங்கிய ஹீலியம் சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. பலூன் மேலே போகப்போக ஊதி, ஊதி, தாங்காமல் உடையும். அப்போது பாராசூட் விரிந்து பெட்டியைப் பத்திரமாக இறக்கும். இறங்கியதும் போன் தான் இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் சொல்லும். இதற்காக எட்டு மாதம் உழைத்திருந்தார்கள்.

“போதும்டி, கை இழுக்குது!” என்றாள் கத்திரி. பலூன் அவளைக் குதிகாலில் நிற்கவிடவில்லை.

“இன்னும் ஒரு நிமிஷம். இருபத்தி ஒன்பது, முடிச்சு. முப்பது, டேப்.” பட்டியல் தன் தாளில் டிக் போட்டாள். “முப்பத்தி ஒண்ணு... ஐயையோ, பெட்டி மேல நம்பர் எழுதலையே!”

“நீயே ஒண்ணை மறந்துட்டியா?” சார்ஜருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னிக்கு மழைதான்.”

“சும்மா இருடா. பிடி பெட்டியை.”

அவள் கோடு போட்டாள், வாசகத்தை எழுதினாள். போன் எண்? தாளில் பன்னிரண்டாவது வரியில் ‘போன்’ என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. புது சிம் வாங்கிய அன்று அவளே குறித்து வைத்தது. அதைப் பார்த்து எழுதினாள். அவசரத்திலும் ஒழுங்கு மாறாதவள். தாளோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபார்த்தாள். இரண்டு முறையும் எண் சரியாகவே இருந்தது.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கைதட்டினேன். என் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். ஒரு பிழை இரண்டு சரிபார்ப்பைத் தாண்டி வருவது இப்படித்தான்.)

“விடுறேன்!” என்று கத்திரி கத்தினாள். விட்டாள். பெட்டி அவர்கள் மூக்குக்கு முன்னால் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மேலே போயிற்று. சார்ஜர் தன் செருப்பைக் கழற்றி வானத்தில் எறிந்தான், சந்தோஷத்தில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல். செருப்பு மட்டும் உடனே திரும்பி வந்தது.

4

மதியம்வரை குறுஞ்செய்தி வரவில்லை. இடம் சொல்லவேண்டிய செயலி மேலே எங்கோ நின்றுபோயிருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு, சார்ஜர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, பட்டியல் தன் போனில் அந்தப் போனுக்கு அழைத்தாள்.

“அடிக்குது!”

“அடிக்குதா? அப்ப கீழ இறங்கிடுச்சு! உயிரோட இருக்கு!” இரண்டு பேரும் அவள் முதுகில் தட்டித் தட்டிக் கொண்டாடினார்கள். மணி அடித்து முடிந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். ஏழு தடவை.

“ஏதாவது வயக்காட்டுல கிடக்கும்,” என்றாள் கத்திரி. “விடு. யார் கண்ணுலயாவது படும். பெட்டி மேல இருக்குற நம்பருக்குக் கூப்பிடுவாங்க.”

பட்டியல் தன் போன் திரையைப் பார்த்தாள். ஏழு முறை அழைத்த எண் அங்கே வரிசையாக நின்றது. அதே எண். நீல மார்க்கரில் அவள் கையால் எழுதிய எண். காது இரண்டும் சூடாகிவிட்டன.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

“ஒண்ணுமில்ல. வெயில்.”

5

திங்கட்கிழமை பள்ளி இடைவேளையில் அழைத்தபோது ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று வந்தது. (அந்தக் கடைசி மூன்று மணியையும் தீர்த்தவள் நான்தான். கதைக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியாது.)

சார்ஜர் அதைக் கேட்டதும் கைகழுவும் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டான். “என்னாலதான். பேட்டரி என் வேலை. ரெண்டு நாள் நிக்கும்னு நான்தானே சொன்னேன்.”

“அப்படி இல்லடா,” என்றாள் பட்டியல்.

“பின்ன எப்படி? நீ முப்பத்தி ஒரு விஷயத்தைப் பார்த்துக்கிட்ட, எல்லாம் சரியா இருந்துச்சு. எனக்குக் கொடுத்தது ஒண்ணு. அதையும் கெடுத்துட்டேன். அடுத்த தடவை என்னைச் சேர்க்காதீங்க.”

அவள் வாயைத் திறந்தாள். எல்லாம் சரியாக இருந்தது என்று அவன் சொன்ன சொல் குறுக்கே வந்து நின்றது. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவள் என்பதுதான் அந்த மூன்று பேரில் அவளுடைய இடம். அது போனால் அவள் யார்? ஆனால் இப்போது சொல்லாவிட்டால், செய்யாத தப்புக்கு ஒருவன் விலகிப்போய்விடுவான்.

(சொல்லேன் பெண்ணே என்று நானும் மூன்று பக்கம் எழுதி எழுதிப் பார்த்தேன். சொல்லமாட்டேன் என்கிறாள். செவ்வாய்க்கிழமை பூரா அவளோடு மல்லுக்கட்டினேன். அவளை ஊமையாக்குவது யார் என்று கடைசியில் எனக்கே உறைத்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கணக்குப் புத்தகம் அச்சானது. பின்னால் இருந்த விடைப் பக்கங்கள் அத்தனையும் முந்தைய பதிப்புக்கு உரியவை. ஒரு பெருங்கூட்டம் பிள்ளைகள் ஒரு கணக்குக்கும் விடை வராமல் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பக்கம் வடிவமைத்த அண்ணன் பழைய கோப்பைப் போட்டுவிட்டார் என்று முதலாளி அவரை எல்லார் முன்னாலும் நார்நாராகக் கிழித்தார். பழைய கோப்பை எடுத்துக் கொடுத்தது நான். பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டதும் நான். அன்றைக்கு நான் டீ டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார்.

வெட்கம் வந்தால் மனிதர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், இப்படி.)

6

ஆகவே முடிவுகள். கடையில் துணி எடுத்துப்போடுவது மாதிரி போடுகிறேன், பாருங்கள்.

அ) பட்டியல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சார்ஜர் அவளை மன்னிக்கிறான். *மூவரும் கைகோத்து அந்தி வானத்தை—* (இல்லை, இல்லை.)

ஆ) அவள் சொல்லவே இல்லை. வளர்ந்து பெரிய வேலைக்குப் போகிறாள். ஒருநாள் ஏதோ ஒரு கூட்டத்தில் டீ டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு— (இந்தக் கதை எனக்குத் தெரியும். சுவாரசியமில்லை.)

இ) கத்திரி தானாகவே கண்டுபிடித்துவிடுகிறாள். ரோஷக்காரி அல்லவா. “ஏண்டி மறைச்சே?” என்று சட்டையைப் பிடிக்கிறாள். பட்டியல் என்ன சொல்கிறாள் என்றால்...

அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

7

கடைக்காரர் வயரோடு காத்திருந்தார். வீட்டுக்கு வந்து போனைச் சொருகினேன். பத்து நிமிடத்தில் திரை விழித்தது. பூட்டைத் திறக்க விரலால் ஏதோ வடிவம் போடச் சொன்னது. எனக்கு எங்கே தெரியும்? இந்தத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடிக்கக் கூடாது என்றும் ஒரு மனசு சொன்னது. உண்மையான பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் என் மூன்று பேரும் என்ன ஆவார்கள்?

மாலை நாலேகாலுக்கு அடித்தது. எடுத்தேன்.

“ஹலோ?” என்றது ஒரு பையன் குரல். எடுப்பார்கள் என்று எதிர்பார்க்காத குரல். “ஏய், எடுத்துட்டாங்க! எடுத்துட்டாங்க!”

பெட்டி பத்திரமாக இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது. வீட்டு விலாசம் சொன்னேன். பிறகு என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும்ப்பா. பெட்டி மேல இந்தப் போனோட நம்பரையே எழுதினது யாரு?”

உருண்டதை யாரோ எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“நான்தான் ஆன்ட்டி,” என்றான்.

“பொய் சொல்றான் ஆன்ட்டி!” பின்னாலிருந்து ஒரு பெண் குரல். “எழுதினது நான். நாலு நாளா நான் நான்னு சொல்லிட்டு இருக்கான், நம்பாதீங்க.”

“ரெண்டு பேரும் தள்ளுங்க,” என்றது மூன்றாவது குரல். “மார்க்கர் என் கையில இருந்துச்சு ஆன்ட்டி. தப்பு என்னுது.”

“நான்! நான் எழுதினேன்!” என்று நான்காவதாக ஒரு மழலை. அதற்கு எழுதவே தெரியாது என்று மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சண்டையில் என்னை மறந்தேபோனார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்பதையும் மறைப்பானேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறார்களாம். எழுதியது உண்மையில் யார் என்று அப்போதும் எனக்குத் தெரியப்போவதில்லை. விட்டுக்கொடுக்கிற ஆட்கள் மாதிரி தெரியவில்லை.

பட்டியலை நான் குழாயடியிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். சார்ஜர் முதுகைக் காட்டி நிற்கிறான். அவள் வாய் பாதி திறந்திருக்கிறது. அவளை நான் இழுத்துப் பிடித்துவைத்திருந்தேன், இப்போது விட்டுவிட்டேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. ஆறு வருடமாக என் போனில் அழிக்காமல் வைத்திருந்த ஓர் எண்ணை இப்போதுதான் அழுத்தினேன், மறுமுனையில் எடுத்தும்விட்டார்.

“அண்ணா, வெச்சிடாதீங்க. அந்த விடைப் பக்கத்துல தப்புப் பண்ணினது நான். நீங்க இல்ல.”