போதகர் நீக்கிய பெண்

குடும்ப வரலாற்றைப் புத்தகமாக அச்சிட, திருச்சபையின் பழைய பதிவேடுகளைத் தங்கையோடு புரட்டிக்கொண்டிருந்தேன். தாத்தாவின் அப்பா மெதடிஸ்ட் போதகர், ஒழுக்கத்துக்குப் பேர்போனவர் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

1884ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து கண்ணில் பட்டது. தம் வீட்டில் துணி துவைத்த பெண் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றதால், அவளைச் சபையிலிருந்து நீக்கியிருக்கிறார். குழந்தையைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தக் குழந்தைக்கு என் தாத்தாவின் பெயர். தாய் என்ற இடத்தில் போதகரின் மனைவி பெயர்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு பெற்றவளைத் தெருவில் தள்ளியிருக்கிறார். பதிவேட்டைத் தங்கை பக்கம் திருப்பினேன்.

"அண்ணா, இதை அப்படியே மூடி வைங்க. வெளியே தெரிஞ்சா குடும்ப மானம் கப்பலேறிடும்" என்றாள் தங்கை.

"அது அன்னைக்கே ஏறிடுச்சு. ஏத்திவிட்டவர் படத்தைத்தான் நீ வாராவாரம் துடைச்சு மாட்டுறே."

அட்டைக்காகக் கொடுத்திருந்த அவர் படத்தை அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கினேன். எங்கள் வம்சத்தின் முதல் பெயராக அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன்.

"அப்போ போதகர் எங்கே வர்றாரு?" என்று கேட்டாள் தங்கை.

"அவளை நீக்கின பக்கத்துல. அவர் கையெழுத்தோட."