நிராகரி என்று போட்டது நான்தான்

…இல்லை, அவர்கள் வராமல் இருக்கவில்லை, அவர்களுக்குத் தெரியவே தெரியாது, அம்மா எழுதியது ஒருத்தருக்கும் போய்ச் சேரவில்லை, போகவிடாமல் செய்தது நான், இதை எப்படிச் சொல்வது, ஆஸ்பத்திரி நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், "பாத்தியாடி, ஒரே ஒரு ஆள்கூட பதில் போடல, எத்தனை பேருக்கு நான் ஓடியிருப்பேன்" என்கிறாள், நான் லேப்டாப்பை அவளுக்குத் தெரியாமல் சாய்த்துக்கொள்கிறேன். அக்காவுக்குக் காலையில் ஆபரேஷன், அவள் ரத்த வகை லேசில் கிடைக்காது, ரத்தம் கொடுக்க இரண்டு பேராவது வேண்டுமாம், அரிய ரத்த வகைக்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அம்மா மத்தியானமே எழுதிவிட்டாள், ஒரு முகவரிக்கு அனுப்பினால் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் போகும்… போக வேண்டும்.

போன மாதம் எவனோ அம்மா பெயரில் கண்ட கண்ட லிங்க்கையெல்லாம் அனுப்பினான், பெரியம்மா போனில் அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள், எங்கள் வீட்டு மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்வது நான்தானே, உட்கார்ந்து சரி செய்தேன். "இனிமே என் பேர்ல எவனும் அனுப்ப முடியாதுல்ல?" "சத்தியமா முடியாதும்மா." எங்கள் பெயரில் வரும் போலிக் கடிதத்தை என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்ல மூன்று வழி இருந்தது, சும்மா கவனி, ஸ்பேமில் தள்ளு, நிராகரி. முதலில் கொஞ்ச நாள் கவனித்துப் பார் என்றுதான் எழுதியிருந்தது, நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே, நேராக நிராகரி. எங்கள் கடிதத்தில் எங்கள் சர்வர் ஒரு கையொப்பம் வைக்கும், வழியில் கடிதம் மாறினால் அது செல்லாது. அந்தக் குழுவோ அம்மாவின் கடிதத் தலைப்பில் தன் பெயரைச் சேர்க்கிறது, அடியில் ஒரு வரி ஒட்டுகிறது, பிறகு தன் சர்வரிலிருந்து எல்லோருக்கும் அனுப்புகிறது, அனுப்புநர் அம்மா, ஆனால் கையொப்பம் உடைந்திருக்கிறது, புறப்பட்ட இடமும் வேறு… வாங்குகிற சர்வர்கள் நான் சொன்னதைத்தான் செய்தன, திருடனைத் துரத்தச் சொன்னேன், அம்மாவைத் துரத்திவிட்டன. குழுவின் இணையப் பக்கத்தில் மட்டும் கடிதம் சமத்தாக நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் போய்விட்டது என்று நம்பினோம்.

சும்மா கவனி என்று மாற்றிவிட்டேன், இப்போதுதான், ஆனால் பழைய கட்டளையை ஞாபகம் வைத்திருக்கும் சர்வர்கள் உடனே மறக்காது, அதைவிட மோசம், கடிதம் திரும்பத் திரும்பத் துரத்தப்பட்டால் வாங்குகிறவரின் முகவரியே செத்துப்போனது என்று குழு அந்த ஆளைத் தூக்கிவிடுமாம், அம்மா ஓயாமல் பதில் போடுகிறவள், யார் யாரை உதிர்த்துவிட்டோமோ… என் ஸ்கூல் முகவரியிலிருந்து அனுப்பினேன், நீ உறுப்பினர் இல்லை, நடத்துபவர் பார்த்துத்தான் விடுவார் என்று பதில் வந்தது, அந்த அங்கிள் போனை எடுக்கவில்லை, தூங்கியிருப்பார், எல்லோருடைய முகவரியும் அவரிடம் மட்டும்தான். நர்ஸ் எட்டிப்பார்த்து, "யாராச்சும் வர்றாங்களாம்மா?" என்கிறார். "மனுஷங்களா இவங்க" என்று அம்மா முனகுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை, "அம்மா, அவங்க மேல தப்பில்லம்மா" என்று வாய் தானாகத் திறந்துவிட்டது, "அப்ப யார் மேல?" என்றாள், சொன்னேன், எல்லாவற்றையும், மூக்கு ஒழுக ஒழுக, அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம்.

"எப்பலேர்ந்து போகல?"

"நான் மாத்துனதுலேர்ந்து… போன மாசத்துலேர்ந்தும்மா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள், எங்கேயும் போகவில்லை, மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "போன வாரம் ஒருத்தர் கைக்குழந்தைக்குன்னு கேட்டிருந்தாரே, வேற வகை ரத்தம், உங்க ஸ்கூல் டீச்சரோட வகை, டீச்சர் ரெடியா இருக்காங்க, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு அதே குழுவுலதானடி பதில் போட்டேன்… அவர் கூப்பிடவே இல்லன்னு டீச்சர் சொன்னாங்க, வேற ஆள் கிடைச்சிருக்கும்னு விட்டுட்டேன்." கடிதங்கள் துரத்தப்பட்ட கணக்கு அந்த சர்வர்களிடமிருந்து தினமும் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது, ஒரு நாள்கூடத் திறந்ததில்லை, இப்போது அம்மா அந்தப் பதிலைப் போட்ட தேதியைத் திறக்கிறேன், நிராகரிப்பு, நிராகரிப்பு, கீழே வரைக்கும் அதுதான், அம்மா திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்கிறாள்: "அந்தக் குழந்தைக்கு யாராவது கிடைச்சாங்களாடி?"