இந்த வீட்டுல அழகன் யாரு

அப்பாவின் மீசையில் இடது பக்கத்தைச் சீவி முடித்து வலது பக்கத்துக்கு வந்தபோதுதான் தம்பி விழுந்தான். கையிலிருந்த சீப்பு அப்பாவின் நெஞ்சில் விழுந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் தம்பி விழுந்து அப்பா எழாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

நல்ல வேளை, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலை தரையில் மோதாமல் அத்தையின் மடியில் போய் விழுந்தது. அத்தை போட்ட சத்தத்தில், அதுவரை அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை மறந்துவிட்டார்கள். சமையலறையிலிருந்து அக்கா ஓடிவந்தாள். கையில் வைத்திருந்த காபித் தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலில் கைப்பேசியில் மணி பார்த்தாள். பிறகு தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, காலர் பொத்தானைக் கழற்றினாள். வலிப்பு அவனுக்குப் புதிதல்ல, பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருப்பது. ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நின்று மறுபடி இழுத்தாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ, அடிபட்டாலோ, நினைவு தெளியாமலே கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மற்றபடி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதுமாம். சொல்வது லேசு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது எப்போதும் அப்பாதான்.

அப்பா சலூன்காரர். அழகு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு, கடையின் சுழல் நாற்காலியில் கண்ணயர்ந்தவர் அப்படியே போய்விட்டார். முடிவெட்ட வந்த ஒருவர், எழுப்ப மனசு வராமல், அங்கே கிடந்த வாரப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்து முடித்த பிறகுதான் தோளைத் தொட்டுப் பார்த்தாராம். சாவிலும் வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டாரே என்று அம்மா அழுகைக்கு நடுவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தம்பிக்குத் தெளிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. அவன் கண் விழித்ததும் குனிந்து, "இந்த வீட்டுல அழகன் யாரு?" என்று கேட்பார். "நான்தான்" என்பான் தம்பி. "திமிர் வந்துடுச்சு, தெளிஞ்சுட்டான்" என்று அப்பா எழுந்து கடைக்குப் போய்விடுவார். ஒரே ஒரு தடவைதான் அவன் "பெரிய மாமா" என்றான். அப்பா செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடித்தார். போகிற வழியிலேயே மறுபடி இழுத்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு வீட்டில் பெரிய மரியாதை. பெரிய மாமாவுக்கு மட்டும் இன்றுவரை அதில் மனவருத்தம் உண்டு.

அந்த மாமாதான் இப்போது ஸ்பூனோடு வந்து நின்றார். வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று அக்கா தடுத்தாள். அப்படியானால் வாசலில் வண்டி சும்மாதானே நிற்கிறது, அதிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விடலாமே என்றார். அது அப்பாவை ஏற்றிப் போக வந்த வண்டி. டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதுண்டு, ஆனால் பிணவறை இருக்கும் பின்வாசலுக்கு மட்டும்தான் என்றார்.

மூன்று நிமிஷம் ஆவதற்குள் இழுப்பு நின்றது. மூச்சு சீரானது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். அக்கா குனிந்தாள். அப்பா கேட்கும் கேள்வியை இன்று அவள்தான் கேட்க வேண்டியிருந்தது.

"இந்த வீட்டுல அழகன் யாருடா?"

கூடமே அவன் வாயைப் பார்த்தது. அவன் அக்காவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா."

"போச்சு" என்றார் மாமா. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அக்காவின் கையைப் பிடித்தாள்.

"கொண்டு போயிடலாம்டி. ஒருத்தரைப் பறிகொடுத்தாச்சு. இவனையும் குடுக்க என்னால முடியாது."

அக்கா மறுபடி மணி பார்த்தாள். மயானத்தில் நேரம் குறித்தாகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரி என்றால், இவன் திரும்பி வரும்போது அப்பா இருக்கமாட்டார். கடைசிவரை அப்பாவோடு கூடப் போகணும் என்பது ஒன்றைத்தான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். மயானத்துக்கு அழைத்துப் போகாவிட்டால் அவன் மனசு ஆறாது. அழைத்துப் போய் ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவின் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்? கேட்டுச் செய்ய அப்பாவும் இல்லை. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தான் யார் என்று கேட்டாள். அக்கா என்றான். எங்கே இருக்கிறாய் என்றாள். வீட்டில் என்றான், நாக்கு இன்னும் குழறியது.

"எப்பவும் நான்தான்னு சொல்லுவியே. இன்னிக்கு என்ன?"

அவன் தன் தாடையைத் தடவிப் பார்த்தான்.

"நான் ஷேவே பண்ணலக்கா. காலையில மெஷின எடுத்து அவருக்குத்தான் பண்ணிவிட்டேன். பாரு, எப்படி இருக்காருன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "வலது பக்கம் மட்டும் இன்னும் சீவல."

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. மாமா எட்டி மீசையைப் பார்த்துவிட்டு, பையன் சொல்வது சரிதான், வலது பக்கம் கலைந்துதான் கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். நேற்று ராத்திரி மாத்திரை கொடுக்க யாருக்கும் ஞாபகமில்லை, அவனும் தூங்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். இப்போது மாத்திரை கொடுங்கள், தனியாக விடாதீர்கள், மறுபடி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள் என்றார். அக்கா கூட்டத்தைப் பார்த்து, தம்பி தோள் கொடுக்கமாட்டான், வண்டியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவான், அம்மாவும் நானும் கூட வருவோம் என்று அறிவித்தாள். மாமா ஸ்பூனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தார். அவள் குரல் அப்படி இருந்தது.

வாசலில் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வழியில இவனுக்கு மறுபடி இழுத்தா, வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு விடணும்."

"அப்பா?"

"அவரும்தான் வரட்டும். என்னிக்கு வராம இருந்தாரு?"

டிரைவர் யோசித்தார். "முன்வாசலுக்குங்களா?"

"முன்வாசலுக்குத்தான்."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

தெரு முனை திரும்புவதற்குள் தம்பி தூங்கிப்போனான். வலிப்புக்குப் பிறகு வழக்கமாக வரும் தூக்கம்தான். எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த அம்மா தன் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டாள். அவன் தலை அக்காவின் தோளில் கிடந்தது. அவள் ஒரு கையை அவன் விலாவில் வைத்திருந்தாள். சாலையில் ஒரு பள்ளம் வந்தது, வண்டி குலுங்கியது.

"மெதுவாப் போங்கண்ணே" என்றாள். "தூங்குறான்."

டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அவள் கைக்கடியில் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.