இருமல் கேட்டதும் குழாயை மூடவும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கண் மருத்துவமனையில். கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். கூடத்தில் யார் இருமினாலும் பக்கத்து இருக்கைக்காரரின் இடது கை காற்றில் எதையோ சட்டென்று திருகி மூடியது. என்னவென்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நாணயம். கடைசியில் சொன்னால் உத்தி என்பார்கள்.

2

முதல் தொடக்கம்: ‘அமிலம் வெறுப்பு, காரம் காதல். இரண்டும் சந்திக்கும் புள்ளியில் மானுடம்…’

(அடித்துவிட்டேன். மானுடம் வந்துவிட்டால் எழுதுகிறவனிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள்.)

இரண்டாம் தொடக்கம்: ‘அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். கண்ணீரும் அவ்வளவுதானே…’

(இதை அடிக்கத்தான் கை வரவில்லை. பரிசு வாங்கக்கூடிய வரி. ஆனால் அந்த மனிதர் ஒரு சொட்டுக்கூட அழாமல் சொன்னார்.)

3

அவர் ஒரு வினிகர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். வினிகரில் புளிப்பு எவ்வளவு என்று அளப்பது வேலை. குடுவையில் கொஞ்சம் வினிகர், அதில் இரண்டு சொட்டு நிறங்காட்டி. மேலே பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாய், அதற்குள் காரம். குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் முழுவதும் தீர்ந்த அடுத்த சொட்டில் குடுவை வெளிர் ரோஜா நிறமாகும். அங்கே மூட வேண்டும். முன்னால் மூடினால் புளிப்பு குறைவாகத் தெரியும். தாண்டினால் அதிகமாக.*

அவருக்கு அந்த வெளிர் ரோஜா தெரியாமல் போய்விட்டது. கண் நரம்புக் கோளாறு. அடர்ந்த ரோஜா தெரியும். அப்போது காலம் கடந்திருக்கும். வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

அவர் மனைவிக்கும் அதே கூடத்தில்தான் வேலை. எதிர்த் தொட்டியில் குடுவை கழுவுவார். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நிறம் வந்ததும் மனைவி இருமுவார். இவர் மூடுவார்.

*வகுப்பில் படித்ததுதான். நமக்குத்தான் மறந்துவிட்டது.

4

(இங்கே மனைவியைப் பற்றி எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவளா? ஒரு பத்தியில் அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

பிறகு மனைவிக்கு நிஜமாகவே இருமல் வந்தது. ஆலையின் அமில ஆவி நெஞ்சில் இறங்கிவிட்டது, இனி அங்கே போகவே கூடாது என்றார் மருத்துவர். அந்தம்மா போனார்.

ஒரு நாள் பொய் இருமலுக்குப் பதில் மெய் இருமல் வந்தது. கணவர் மூடிவிட்டார். புளிப்பு குறைவு என்று எழுதினார். ஆலை மேலும் அமிலம் ஊற்றியது. தொட்டி வினிகர் மொத்தமும் வாயில் வைக்க முடியாமல் போனது.

தர மேலாளர் கூட்டம் போட்டார். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா இருப்பதால் அவருக்குப் பெயர் மூணு பேனா. மூன்றில் எதுவும் எழுதி யாரும் பார்த்ததில்லை. “தரம் என்பது ஒரு தவம்!” என்று முழங்கினார். ஆய்வாளர்கள் அனைவரும் தம் முன்னால் அளந்து காட்ட வேண்டும், தவறினால் வீட்டுக்கு.

5

அளந்து காட்ட வேண்டிய நாள், காலை, வீட்டில்:

“நீ இன்னைக்கு வராதே. நெஞ்சு இப்படிக் கரகரங்குது.”

“வராம? அந்தக் குடுவையை நீங்க முறைச்சுப் பாத்துக்கிட்டு நிப்பீங்களா?”

“சரி, வா. ஆனா நடுவுல இருமிடாதே.”

“இதென்ன உங்க பியூரெட் குழாயா, திருகினா நிக்கறதுக்கு?”

“இப்ப இருமினியே, இது நிஜமா, வேலைக்கா?”

“ரெண்டும்தான். கிளம்புங்க.”

6

கூடம். மூணு பேனா முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, “ம், ஆரம்பிங்க சார்” என்கிறார். இவர் குழாயைத் திருகுகிறார். தொட்டியருகில் மனைவி துண்டைச் சுருட்டி வாயில் அடைத்திருக்கிறார். மெய் இருமல் தொண்டைக்குழியில் முட்டுகிறது. முகம் சிவந்துவிட்டது, அது நமக்குத் தெரியும். கணவருக்குத் தெரியாது. சொட்டு. இன்னொரு சொட்டு. நிறம் வந்த கணத்தில் துண்டை எடுக்கக் கையை உயர்த்தி

(இந்த இடத்தில்தான் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டார். துணைக்கு யாரும் வந்திருக்கவில்லை. அது ஏன் என்று நான் கேட்கவில்லை.)

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மூணு பேனாவுக்கே நிறக்குருடு. சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. இன்னொன்றில் கணவர் தாமாகவே உண்மையைச் சொல்லிவிட்டு… நாடகம். மூன்றாவதை யாருக்கும் காட்டவே மாட்டேன். அவர் பை வைத்திருந்த நாற்காலியில் ஏன் ஆள் இல்லை என்று அது சொல்லிவிடுகிறது.

8

ஆகவே குடுவையை உங்கள் முன்னால் வைக்கிறேன். நிறம் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை. அந்தம்மா துண்டை எடுக்க மூச்சில்லாமல் நிற்கிறார்.

நீங்கள் இருமினால் அவர் மூடுவார், வேலை தப்பும், நாளைக்கும் அந்தம்மா அந்த ஆவிக்குள் வந்து நிற்பார். இருமாவிட்டால் அடுத்த சொட்டு விழும். குடுவை அடர்ந்து சிவக்கும். அவருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். இருவரும் வீட்டுக்குப் போவார்கள், சோற்றுக்கு வழி இல்லாமல், ஆனால் நல்ல காற்றில்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவர் கை குழாயில் இருக்கிறது. காது உங்கள் பக்கம்.