மேகிக்கு முப்பதாயிரம்

திருச்சுழியில் கம்பி, சிமெண்டுக் கடை வைத்திருக்கும் பொன்ராஜ், எதை வாங்குவதானாலும் பத்துப் பேரிடம் விலை விசாரித்துவிட்டுத்தான் வாங்குவார். யாரிடமும் விசாரிக்காமல் அவர் செய்கிற செலவு ஒன்றே ஒன்றுதான். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயில் வாணவேடிக்கை. போன மாதம் அதற்கு நாற்பதாயிரம் கொடுத்திருந்தார். பதினோரு நிமிடத்தில் எல்லாம் புகையாகி வடக்குப் பக்கம் போய்விட்டது. 'உபயம் பொன்ராஜ் அண்ணாச்சி' என்று மைக்கில் மூன்று முறை சொன்னார்கள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை, அவருடைய வீட்டு நாய் மேகி அரசு கால்நடை மருந்தகத்து மேசையில் படுத்திருந்தது. லாப்ரடார் வகை, ஆறு வயது. மூன்று நாளாகச் சோறு தொடவில்லை, தண்ணீரை மட்டும் வாளி வாளியாகக் குடித்தது. வெயிலுக்குத்தான் என்று சொல்லிப் பொன்ராஜ் இரண்டு நாளை ஓட்டியிருந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி தங்கச்செல்வி காலைக் காபியே போடாமல் உட்கார்ந்துகொண்டதால் வேறு வழியில்லாமல் கிளம்பி வந்தார்.

டாக்டர் பானுப்பிரியா நாயின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார்.

"கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்தாகணும். இங்க அதுக்கு வசதி இல்லை. மதுரையில தெரிஞ்ச கிளினிக் இருக்கு, போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

"என்ன ஆகும் மேடம்?"

"எடுக்கலைன்னா ரெண்டு நாள்ல செத்துரும்."

"அதக் கேக்கல மேடம். எவ்வளவு ஆகும்?"

டாக்டர் ஒரு நொடி அவரையே பார்த்தார். "ஸ்கேன், ரத்த டெஸ்ட், ஆபரேஷன், மருந்து எல்லாம் சேத்து இருபத்தஞ்சுலேர்ந்து முப்பது வரைக்கும்."

"முப்பதாயிரமா? வாங்குனதே பதினஞ்சாயிரத்துக்குத்தான்."

"போன வருஷம் ஊசி போட வந்தப்பவே சொன்னேன். கருத்தடை பண்ணிருங்க, நாலாயிரத்துல முடிஞ்சுரும்னு. குட்டி வேணும்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். ஏழு குட்டி, குட்டிக்கு எட்டாயிரம் என்று அவர் அப்போது மனக்கோட்டை கட்டியிருந்தார். அருப்புக்கோட்டையில் ஒரு லாப்ரடார் மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்து மேகியை இரண்டு முறை வண்டியில் கொண்டுபோனார். மேகி மாப்பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு முறையும் வண்டி வாடகைதான் தண்டம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"கலந்து பேசிட்டுச் சொல்றேன் மேடம்."

"யாரோட?" என்று கேட்டார் டாக்டர். கேட்டுவிட்டு, சாயங்காலம்வரை தாங்குவதற்கு ஓர் ஊசி போட்டு அனுப்பினார். நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி நின்ற தங்கச்செல்வி புருஷன் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கடைக்கு வந்ததும் பொன்ராஜ் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கோகுலுக்குப் போன் போட்டார். மேகி அவன் கொண்டுவந்த நாய். கல்லூரியில் படிக்கும்போது வாங்கி வந்தவன், வேலை கிடைத்ததும் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

"அப்பா, காசப் பத்தி யோசிக்கவே கூடாதுப்பா. மேகி நம்ம ஃபேமிலி. எவ்வளவு ஆனாலும் பண்ணிருங்க."

"நீ எவ்வளவுப்பா அனுப்புற?"

"அப்பா, மீட்டிங் ஆரம்பிச்சுட்டாங்க. சாயங்காலம் கூப்புடுறேன்."

அடுத்ததாக மச்சினன் இன்பராஜ் வந்து சேர்ந்தான். அருப்புக்கோட்டையில் மனை வாங்கி விற்கும் தரகு அவன் தொழில். எந்தப் பொருளுக்கும் விலை சொல்வான், கையில் எதுவும் இருக்காது.

"எதுக்கும் ஒரு லிமிட் வேணும் அத்தான். நாய்னா அஞ்சாயிரம். அதுக்கு மேல போனா அது வைத்தியம் இல்ல, கொழுப்பு."

"எந்தக் கணக்குல அஞ்சு?"

"எல்லாரும் அதுவரைக்கும்தான் போவாங்க." யார் அந்த எல்லாரும் என்று அவன் சொல்லவில்லை.

நரிக்குடியிலிருந்து ஆட்டுக்கொட்டகைக்குத் தகரம் வாங்க வந்திருந்த சங்கரலிங்கம், பேச்சைக் கேட்டுக்கொண்டே தகரத்தைத் தட்டிப் பார்த்தார். "எங்களுக்கெல்லாம் இந்த ரோசனையே கெடையாது அண்ணாச்சி. ஆட்டுக்கு ஐநூறுக்கு மேல ஆகுமுன்னா அறுத்துருவோம்." பிறகு தனக்குத்தானே யோசித்துவிட்டு, "நாயத்தான் அறுக்க ஏலாதே" என்றார். பெரிய சட்டச்சிக்கல் ஒன்றைக் கேட்டதுபோல் இன்பராஜ் தலையை ஆட்டினான்.

இத்தனை பேரிடம் கேட்டும் பொன்ராஜுக்கு ஒரு விலை படியவில்லை. ஊர் வியாபாரிகள் நூற்றெழுபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். போனில் இருந்ததிலேயே நல்ல படமாக, மேகி பொங்கலன்று மாலை போட்டு உட்கார்ந்திருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தார். அதன் அடியில் 'எங்கள் வீட்டுச் செல்லம் மேகி' என்று தட்டி அனுப்பினார். ஆபரேஷனுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்வியை அடுத்ததாகத் தட்டிக்கொண்டிருந்தபோது கடைக்கு இரண்டு டன் கம்பி வந்து இறங்கியது. எண்ணி எடுத்து வைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துப் போனைப் பார்த்தால், மேகி செத்துப்போயிருந்தது.

'ஆழ்ந்த இரங்கல் அண்ணாச்சி' என்று முப்பத்தெட்டுப் பேர் போட்டிருந்தார்கள். படத்தில் மாலை இருந்ததுதான் வினை. ஃப்ளெக்ஸ் கடை தனுஷ், மேகிக்கு இரண்டு பக்கமும் சிறகு வைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு போஸ்டரே தயார் செய்து போட்டுவிட்டான். அடியில் அவன் கடை நம்பரும் இருந்தது.

பொன்ராஜ் பதறிப்போய்த் திருத்தத்தான் நினைத்தார். விரல் எழுத்துக்கு மேலே நின்றது. அதற்குள் எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர், 'வாயில்லா ஜீவனுக்கு அண்ணாச்சி எவ்வளவோ செலவு செய்து பார்த்திருப்பார், அவர் மனசு யாருக்கும் வராது' என்று எழுதினார். அதற்குக் கீழே இருபது கும்பிடு விழுந்தது. பொன்ராஜ் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி என்று வேறொருவர் கேட்டார். பொன்ராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'முப்பதுக்கு மேல்' என்று தட்டினார். கும்பிடு அறுபதானது.

எப்படியும் இரண்டு நாளில் நடக்கப்போவதுதானே என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஊர் கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். செலவு செய்த பேரும் கிடைத்தது, செலவும் மிச்சம். மத்தியானம் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போகவில்லை, கடைக்கே பொட்டலம் வாங்கிவரச் சொன்னார்.

நாலு மணிக்கு, பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராமலட்சுமி, செத்த மேகிக்குத் துட்டி கேட்கப் பொன்ராஜ் வீட்டுக்கு வந்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கேட்டைத் திறந்தவள், வாசற்படியில் படுத்திருந்த மேகி தலையைத் தூக்கி ஒரு சத்தம் கொடுத்ததும் அலறியடித்துத் தெருவுக்கு ஓடினாள். தங்கச்செல்வி வெளியே வந்து அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ராமலட்சுமி தன் போனில் வியாபாரிகள் குழுவைத் திறந்து காட்டினாள். தங்கச்செல்வி சிறகு வைத்த படத்தைப் பார்த்தாள். அப்புறம் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே வந்து, 'முப்பதுக்கு மேல்' என்பதையும் பார்த்தாள்.

ஐந்தாவது நிமிடம் அவள் கடையில் இருந்தாள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பொன்ராஜ், அவள் வரும் வேகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றார்.

"எந்திரிச்சது நல்லதாப் போச்சு. தள்ளுங்க."

"என்ன செல்வி?"

"மேகிக்கு முப்பதுக்கு மேல செலவு பண்ணிட்டதா ஊருக்குச் சொல்லியிருக்கீங்கல்ல? பண்ணாம விட்டா பொய்யாப் போயிரும்." அவள் கல்லாவைத் திறந்தாள். பத்தாயிர ரூபாய்க் கட்டு மூன்றை எண்ணாமல் எடுத்தாள். 'மேல்' என்ற சொல்லுக்காக இன்னும் கொஞ்சம் அள்ளிக்கொண்டாள்.

"அக்கா, அஞ்சாயிரம்தான் லிமி..." என்று, காலையிலிருந்து கடையை விட்டு நகராத இன்பராஜ் வாயைத் திறந்தான்.

"நீ போன வருஷம் என்கிட்ட வாங்குன வளையலத் திருப்பிக் குடுத்துட்டு அப்புறம் லிமிட்டு பேசு." இன்பராஜுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டிய வேலை அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

கடைக்கு லோடு அடிக்கும் குட்டியானை வண்டி வாசலில் நின்றது. டிரைவர் அருஞ்சுனை முன்னால் ஏறினார், அவர் பக்கத்தில் தங்கச்செல்வி. பொன்ராஜ் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தார். வீட்டு வாசலில் நிறுத்தி மேகியைப் போர்வையோடு தூக்கிப் பின்னால் வைத்தார்கள்.

"ஏறுங்க பின்னால. அதப் புடிக்க ஆள் வேணும்," என்றாள் தங்கச்செல்வி.

"நானா? முன்னால..."

"முன்னால எடமில்ல."

சிமெண்டுத் தூசி அப்பிய தகரத்தில், கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியோடு பொன்ராஜ் உட்கார்ந்தார். முப்பத்தொரு கிலோ நாய் அவர் மடியில் தலையை வைத்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் முனகியது. அதன் வயிறு அவர் தொடையில் உராய்ந்தபோது வேட்டியையும் தாண்டிச் சுட்டது. இந்தச் சூட்டில்தான் இது காலையிலிருந்து கிடக்கிறது, தான் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டோம் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே, போகவர டீசல் எவ்வளவு ஆகும் என்ற நினைப்பும் வந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

அருப்புக்கோட்டைக்குள் வண்டி நெரிசலில் நின்றது. பழக்கமான பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் இவரைப் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. மனசத் தேத்திக்கோங்க. அடக்கம் எங்க? நம்ம தோட்டத்துலயா?"

மேகி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வாலை இரண்டு தரம் தகரத்தில் அடித்தது. பெயிண்ட் கடைக்காரர் நாயைப் பார்த்தார், பொன்ராஜைப் பார்த்தார், துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப எங்க போறீக?"

"ஆஸ்பத்திரிக்கு," என்றார் பொன்ராஜ், வேறு பக்கம் பார்த்தபடி. அந்த நேரம் பார்த்து மேகி அவர் வேட்டியில் வாந்தி எடுத்தது.

மதுரை கிளினிக்கில் பானுப்பிரியா சொல்லி வைத்திருந்ததால் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் வெளியே வந்து, ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் இன்னும் ஐந்தாறாயிரம் கூடும், சம்மதமா என்று கேட்டார். தங்கச்செல்வி புருஷன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை. பொன்ராஜ் தொண்டையைச் செருமினார். கலந்து பேச அங்கே யாரும் இல்லை.

"பண்ணுங்க," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. டாக்டர் மறுபடி கேட்டார். "பண்ணுங்க சார்!" என்று கத்திவிட்டார்.

ரத்தம் தேவைப்படவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எடுத்த கர்ப்பப்பையை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். சீழோடு இரண்டு கிலோ இருந்தது. "இதுக்கா இவ்வளவு?" என்று பொன்ராஜ் கேட்டார். நோயைக் கேட்டாரா பில்லைக் கேட்டாரா என்று டாக்டருக்குப் புரியவில்லை. பில் இருபத்தாறாயிரத்து எண்ணூறு. வியாபாரிக்கு வியாபாரி ஏதாவது குறைப்பீர்களா என்று பொன்ராஜ் கேட்டுப் பார்த்தார். பில் போட்ட பெண் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு மேகி வீடு வந்தது. படத்தை எடுத்துக் கோகுலுக்கு அனுப்பி, பில்லையும் அனுப்பட்டுமா என்று கேட்டார் பொன்ராஜ். அனுப்புங்கப்பா, ஸ்டேட்டஸில் போடுகிறேன் என்றான் அவன்.

குழுவுக்கும் தகவல் சொல்லியாக வேண்டும். மிகவும் யோசித்து, 'மேகி ஆபரேஷன் முடிந்து நலம். அனைவருக்கும் நன்றி' என்று போட்டார். நூற்றெழுபது பேரும் பார்த்தார்கள். வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. கடைசியில் எண்ணெய்க் கடைக்காரர்தான் கேட்டார்: 'அப்ப நேத்துச் செத்தது எது அண்ணாச்சி?' பொன்ராஜ் பதிலாக, 'நெட்வொர்க் பிரச்சினை' என்று எழுதினார். இந்த முறை கும்பிடு ஒன்றும் விழவில்லை. தனுஷ் மட்டும் அதே படத்திலிருந்து சிறகை எடுத்துவிட்டு, பூங்கொத்து வைத்து, புதுப் போஸ்டர் போட்டான்.

பத்து நாளைக்குப் படி ஏறி இறங்கக் கூடாது, தையல் விட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டு வாசலில் மூன்று படி. நாயைத் தூக்க தங்கச்செல்விக்குத் தெம்பில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அதனால் காலையும் சாயங்காலமும், கடைக்குப் போகிற வருகிற ஜனம் பார்க்க, பொன்ராஜ் அண்ணாச்சி மேகியை இரண்டு கையிலும் ஏந்தி மூன்று படி இறங்கினார். வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டு, அது மோந்து மோந்து இடம் தேடி ஒன்றுக்குப் போய் முடிக்கும்வரை நின்றார். மறுபடி தூக்கிக்கொண்டு ஏறினார். நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குத் தைலம் முந்நூற்றைம்பது ரூபாய். விலை விசாரிக்காமல் வாங்கினார்.

பதினோராம் நாள் காலை, வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். மேகி அவர் கைக்கு அகப்படாமல் விலகி, தானே மூன்று படியும் இறங்கி, வேப்பமரத்தடிக்குப் போனது. பொன்ராஜ் குனிந்த மேனிக்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "ஏட்டி, மெதுவாப் போ," என்று அதன் பின்னாலேயே இறங்கினார்.