அம்சவேணி மறித்த பாடை

நான்கு பேர் குனிந்து பாடையைத் தூக்கப் போன நேரத்தில், அம்சவேணி அதன் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கீழ வைங்க," என்றாள்.

கடன்காரன் பாடையை மறித்து வடமாலபேட்டை பார்த்திருக்கிறது. பங்காளி மறித்தும் பார்த்திருக்கிறது. கட்டின பெண்டாட்டியே மறித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மறித்த பாடையை வழக்குத் தீராமல் தூக்கக் கூடாது.

மூன்று நாள் காய்ச்சலில் கோவர்த்தனன் போய்ச் சேர்ந்துவிட்டான். காலையில் அவன் தம்பி சிட்டிபாபு, சாவுச் செலவுக்கென்று டிரங்குப் பெட்டியைத் திறந்து போஸ்டாபீஸ் புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டான். அதில் இருந்தது, அம்சவேணியின் அப்பா வெல்ல மண்டியில் சம்பாதித்துச் சேர்த்து, பேத்தி பாப்பாத்திக்கென்று விட்டுப்போன இரண்டாயிரம் ரூபாய். பாப்பாத்திக்கு ஏழு வயது.

"புள்ள காசுல நீ ஏன் கை வைக்கிற?" என்று கேட்டாள்.

"எனக்கப்புறம் நீதான் கார்டியன்னு அண்ணனே எனக்கு எழுதிக் குடுத்துட்டுச்சு அண்ணி. மெட்ராஸ்லேர்ந்து ஆந்திரா பிரிஞ்ச வருசமே. உனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதாம். ஆபீசுல ஏமாத்திடுவாங்களாம்."

அதோடு அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. கோபம் சிட்டிபாபு மேல்கூட அவ்வளவு இல்லை. பத்து வருஷம் கூடவே வாழ்ந்தவன், விதை வேர்க்கடலை வாங்குவதைக்கூட அவளைக் கேட்டுச் செய்தவன், இதை மட்டும் மறைத்துவிட்டானே. செத்துக் கிடந்தவனைத் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"பொணத்தை வெயில்ல போட்டுக்கினு இன்னா நியாயம் பேசற?" என்றான் சிட்டிபாபு. அவன் கையில் கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது.

"அவரும் கேக்கட்டும். எழுதிக் குடுத்தவராச்சே."

"ஊரு சிரிக்கும் அண்ணி."

"சிரிக்கட்டும். புக்கை நீ மடியில சொருவனப்போ ஊரு எங்க போச்சு?"

கிராம முன்சீப் ரங்கையா வந்தார். இரண்டு பேரையும் கேட்டார். சிட்டிபாபு விலகிக்கொள்வதாகவும், தாயே கார்டியனாக இருக்க அவனுக்குச் சம்மதம் என்றும் தெலுங்கில் ஒரு தாள் எழுதினார்.

"தமிழ்லயும் எழுதுங்க."

"சித்தூரு கோர்ட்டுல இனிமே தமிழ் எதுக்கும்மா?"

"கோர்ட்டுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எனக்குத் தெலுங்கு தெரியாதுன்னுதானே இவ்ளோ கூத்தும்."

முன்சீப் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அம்சவேணி இடது கையில் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். ஒரு வரியை அடித்துத் திருத்தி எழுதச் சொன்னாள். சிட்டிபாபு இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை அவள் மடியில் எறிந்தான்.

"தூக்குங்க," என்றாள்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வலது கை மரத்துப்போய் அந்தரத்திலேயே நின்றது. பக்கத்து வீட்டுச் சுலோசனா வந்து முழங்கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட வேண்டியிருந்தது. பாடையை மறித்ததிலிருந்து, அத்தனை பேச்சுக்கும் நடுவில், முந்தானையை விரித்து அவன் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்த கை அது.

முந்தானை விலகியதும் கோவர்த்தனன் முகத்தில் வெயில் விழுந்தது.