மைட்டோகாண்ட்ரியா மாமாக்கள்

கற்பூரம் அடித்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. நம்பாதவர்கள் என் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை டீக்கடையில் என் மீசை டம்ளருக்குள் விழுந்தது. எடுத்து உதறி, கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டேன். டீயைக் குடித்தேன். குரலும் கீச்சென்று ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரது?" என்றாள் என் மனைவி குருவம்மாள்.

"நான்தான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அவர் வெளியே போயிருக்காரு, அக்கா. வந்ததும் சொல்றேன்" என்று தாழ்ப்பாளை இன்னும் இறுக்கினாள்.

மீசை இல்லாமல் வீடு இல்லை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மெர்சிலின் என் ரத்தத்தை முகர்ந்து பார்த்தார்.

"ஆண் ஹார்மோன் வரத்து நின்னுபோச்சு. விரைக்குள்ள லேடிக் செல்லுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா. ஹார்மோன் ஆகுற கொழுப்பு முதல்ல அங்கதான் அரைபடணும். வேலைநிறுத்தமாம். நேர்ல போய்ப் பேசிடுங்க."

"எப்படிப் போறது?"

"இடது பக்கம் போங்க. வலது பக்கம் லிஃப்ட் ஓடலை."

ஸ்கேன் அறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நடைபாதை. நடக்க நடக்க நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. திரும்பி முதுகு காட்டி நடந்தேன். உடனே வந்து சேர்ந்துவிட்டேன்.

அது ஒரு மில். இரட்டைச் சுவர். வெளிச்சுவர் ஓரமாகக் கொலஸ்ட்ரால் மூட்டைகள் கூரை வரை. அவற்றை உள்சுவருக்குச் சுமக்க வேண்டியவன் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினான். மூளையிலிருந்து வந்த ஆள் ஒருவன், "ஆரம்பிங்கய்யா, ஆரம்பிங்கய்யா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி உட்கார்ந்திருந்தான்.

உள்சுவர்க் கதவை மறித்து ஒரு பெரியவர் கட்டில் போட்டிருந்தார். அவருக்கு என் அம்மாவின் மூக்கு. பின்னால் ஒரு கூட்டம். எல்லோருக்கும் அதே மூக்கு.

"வாங்க மருமவனே. மைட்டோகாண்ட்ரியா நாங்க பூராவும் உங்க அம்மா வழி. உங்க அப்பா வழியில ஒருத்தன்கூட இங்க கிடையாது. தேடிப் பாருங்க."

தேடினேன். கிடையாது.

"ஏன் மாமா கதவைச் சாத்திட்டீங்க?"

"உங்க கல்யாணத்துல தாய்மாமனுக்கு மாலை போட்டீங்களா?"

"சங்கிலி மாமாவுக்குப் போட்டேனே."

"அவருக்குப் போட்டீங்க. எங்களுக்கு?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பந்தியில உங்களோடதான் உட்கார்ந்து சாப்பிட்டோம்."

கூட்டம் மூக்கை உறிஞ்சியது.

"அப்போ இத்தனை வருஷம் ஏன் வேலை செஞ்சீங்க?"

"கோபத்துலதான் செஞ்சோம். இப்ப அதுவும் தீர்ந்துபோச்சு."

எனக்கு விளங்கவில்லை.

"இப்பப் போட்டா கதவைத் திறப்பீங்களா?"

"திறப்போம். பூ வேண்டாம், தும்மல் வரும்."

கைக்குட்டையை விரித்தேன். நான்தான் நான் என்று குருவம்மாளிடம் காட்ட என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த மீசை ஒன்றுதான். யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. முடியோடு முடியை முடிந்து மாலையாகக் கட்டி அவர் கழுத்தில் போட்டேன்.

குனிந்து பார்த்தார். "நரைச்சுப்போச்சே மருமவனே" என்று அழுதார்.

கட்டிலைத் தூக்கினார்கள். கதவு திறந்தது. சுமைக்காரன் எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றினான். உள்ளே போனது கொழுப்பு. வெளியே வந்தது வேறு ஏதோ.

"இதுதானா மாமா?"

"இன்னும் முடியலை. பக்கத்துக் கட்டடத்துல மெருகு போடுவாங்க. நீங்க கிளம்புங்க. ஹார்மோன் உங்களுக்கு முன்னால வீட்டுக்குப் போயிருக்கும்."

வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"நான்தான்." என் கட்டைக் குரலில் தாழ்ப்பாள் தானாக அதிர்ந்து கழன்றது.

குருவம்மாள் மறுபடி முளைத்திருந்த என் மீசையை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஒரு அக்கா உங்களைத் தேடி வந்துச்சு. பாவம், அதுக்கும் இதே மூக்கு." சோறு போட்டாள்.

புற்றுநோய் என்று என் விரை இரண்டையும் போன தேர்தலுக்கு முன்பே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள்.